கண்ணாடி இல்லாதது வீரமா?

"கதவில் சுற்றி ஏற்றும் கண்ணாடி வந்ததோடு இங்கிலீஷ்காரனுடைய ஸ்போர்ட்ஸ் கார் செத்துப்போச்சு."

பழைய கார் பிரியர்கள் நாலு பேர் கூடினால் ஒருவராவது இப்படிச் சொல்லாமல் இருக்கமாட்டார். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விடுவார். மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். எனக்கு இந்தப் பேச்சு நெடுநாளாக உறுத்தல். ஒரு கம்பெனி தன் செலவை மிச்சம் பிடித்ததை, அந்தக் காரை வாங்கியவனின் வீரமாக மாற்றிக் காட்டுகிற பேச்சு இது. ஆகவே இன்றைக்கு இதற்கு ஒரு மறுப்பு எழுதிவிடுவதென்று உட்கார்ந்துவிட்டேன்.

கார் ஓட்டத் தெரியாத ஒரு ரிட்டயர்டு குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றைப் போல என் பிள்ளையும் பிரான்சில் இருக்கிறான். அங்கே போயிருந்தபோது பழைய கார் கண்காட்சி ஒன்றுக்கு அழைத்துப் போனான். எல்லோரும் பானட்டைத் திறந்து என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ஜினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் கதவுகளைப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு கார்களில் ஒன்றுக்குக் கதவில் கண்ணாடி இருந்தது, மற்றதற்கு இல்லை. ஏன் என்று கேட்டேன். "அதுதான் அசல் ஸ்போர்ட்ஸ் கார்" என்று பதில் வந்தது. இது பதிலாகாது என்று அப்போதே தோன்றியது. அதற்குப் பிறகு கையில் கிடைத்த கார் புத்தகம், பழைய விளம்பரத்தாள், உதிரிபாகப் பட்டியல் என்று எல்லாவற்றையும் படித்துவருகிறேன். முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவனுக்குக் கார் ஓட்டத் தெரியாவிட்டாலும் பட்டியல் படிக்கத் தெரியும்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 1950களில் இங்கிலாந்தில் செய்த திறந்த இரட்டை இருக்கைக் கார்கள் பலவற்றுக்குக் கதவுக்குள் கண்ணாடியே கிடையாது. எம்.ஜி.ஏ., டிரையம்ஃப் டி.ஆர்.2, டி.ஆர்.3, ஆஸ்டின்-ஹீலி 100, சின்ன ஸ்ப்ரைட், ஜாகுவாரின் எக்ஸ்.கே.120 திறந்த கார், எல்லாம் இந்த ஜாதி. மழை வந்தால் என்ன செய்வது? வண்டியை ஓரமாக நிறுத்தி, கித்தான் கூரையை இழுத்து மாட்டி, இருக்கைக்குப் பின்னால் பையில் வைத்திருக்கும் இரண்டு சட்டங்களை எடுத்து, கதவின் மேல் ஒவ்வொன்றாகச் செருகித் திருக வேண்டும். சட்டத்தில் இருப்பது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். இதற்கு சைடு ஸ்கிரீன் என்று பெயர். நான் பக்கத்திரை என்று எழுதுகிறேன். கை காட்டி சிக்னல் கொடுப்பதற்காகச் சிலவற்றில் ஒரு சின்ன மடிப்பு வைத்திருப்பார்கள். அதன் வழியாகக் கையும் போகும், மழையும் வரும்.

இன்னொரு வேடிக்கை. எம்.ஜி.ஏ. திறந்த காருக்கும், எக்ஸ்.கே.120 திறந்த காருக்கும், 1958இல் வந்த முதல் ஸ்ப்ரைட்டுக்கும் கதவுக்கு வெளியே கைப்பிடியே இல்லை. உள்ளே கைவிட்டுக் கம்பியையோ நெம்பையோ இழுத்துத் திறக்க வேண்டும். கண்ணாடி இல்லாததால் உள்ளே கைவிடுவதில் சிரமமில்லை. அதாவது, உங்களுக்கு எவ்வளவு சுலபமோ திருடனுக்கும் அவ்வளவே சுலபம்.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளி மொசியே ஒரு நல்ல பழக்கம் சொல்லிக் கொடுத்தார். ஒருவரை மறுப்பதென்றால் முதலில் அவர் வாதத்தை அவரைவிட நன்றாகச் சொல், பிறகு மறு என்பார். அப்படியே செய்கிறேன். பக்கத்திரைக் கட்சிக்காரர்களின் வாதம் மூன்று. ஒன்று, சுற்றி ஏற்றும் கண்ணாடியும் அதன் இயந்திரமும் எடை. ஸ்போர்ட்ஸ் காருக்கு எடை ஆகாது. இரண்டு, கதவுக்குள் கண்ணாடி இறங்க இடம் விட்டால் கதவு உயர்ந்துவிடும், தடித்துவிடும், டி.ஆர்.3இல் இருப்பது போலக் கதவை வளைத்து வெட்டி முழங்கையை வெளியே போட்டு ஓட்டும் சுகம் போய்விடும். மூன்று, திறந்த வண்டி என்பதே காற்றையும் வெயிலையும் அனுபவிக்கத்தான். கண்ணாடி வேண்டுமென்பவன் வேறு கார் வாங்கட்டும்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. எடையைப் பாருங்கள். எக்ஸ்.கே.120 கார் 1949 மே மாதம் பெல்ஜியத்தில் ஜாபெக் என்ற ஊர் நெடுஞ்சாலையில் மணிக்கு 132.6 மைல், அதாவது சுமார் 213 கிலோமீட்டர் ஓடிக் காட்டியபோது முன்கண்ணாடியையே கழற்றிவிட்டு, ஓட்டுநருக்கு மட்டும் சின்னதாக ஒரு காற்றுத்தடுப்பு வைத்திருந்தார்கள். பந்தயத்துக்குப் போகிறவன் எதைக் கழற்றினாலும் சரி. ஆனால் அந்தக் காரை வாங்கிய டாக்டரும் வக்கீலும் ஜாபெக்குக்கா போனார்கள்? ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போனார்கள்.

சரி, வாதத்தை விடுவோம். அந்தக் கம்பெனிகளே என்ன செய்தன என்று பார்ப்போம். ஆளின் பேச்சைவிட அவர் போட்ட கையெழுத்து முக்கியம் என்பது எங்கள் தொழில் பாடம்.

ஜாகுவார் எக்ஸ்.கே.120ஐ 1948இல் திறந்த காராக அறிமுகப்படுத்தியது. பக்கத்திரைதான். 1951இல் அதே காருக்கு நிரந்தரக் கூரை போட்ட வகை வந்தது. 1953இல் உள்ளே துணி தைத்த மடிப்புக் கூரை வகை வந்தது. இரண்டிலும் கதவில் சுற்றி இறக்கும் கண்ணாடி, வெளியே கைப்பிடி, எல்லாம் உண்டு. என்ஜின் அதே, சக்கரம் அதே. எம்.ஜி.ஏ. கதையும் இதுதான். 1955இல் திறந்த கார், கண்ணாடி கிடையாது. 1956இல் கூரை போட்ட கூபே. கதவில் கண்ணாடி, நன்றாக வளைந்த முன்கண்ணாடி, கதவோரத்தில் அழகான சின்னக் கைப்பிடி. ஆக, கண்ணாடி போடத் தெரியாதவர்கள் இல்லை. போட்டால் ஸ்போர்ட்ஸ் காரின் ஆத்மா போய்விடும் என்று அவர்கள் நினைக்கவும் இல்லை. போட்டதற்குக் கூடுதல் விலை வாங்கினார்கள், அவ்வளவுதான். கண்ணாடி என்பது கொள்கைக் கோடாக இருக்கவில்லை, விலைக் கோடாக இருந்தது.

இன்னும் கிட்டத்தில் வந்து பார்க்கலாம். நம் அம்பாசிடர் யாருக்குத் தெரியாது? இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசைதான் இங்கே அம்பாசிடர் ஆனது. அதில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. என்ஜினும், எம்.ஜி.ஏ.வின் முதல் 1489 சி.சி. என்ஜினும் ஒரே குடும்பம், எம்.ஜி.ஏ.வுக்கு இரண்டு கார்புரேட்டர் வைத்து வேகம் கூட்டியிருந்தார்கள். அம்பாசிடர் கதவில் என்னென்ன இருந்தன? சுற்றி இறக்கும் கண்ணாடி. முன்னால் காற்றுக்குத் திருப்பி வைக்கும் முக்கோணக் கண்ணாடி. வெளியே கைப்பிடி, பூட்டு. ஒரே முதலாளி, குடும்பக் காருக்கு இத்தனையும் கொடுத்துவிட்டு, இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு பிளாஸ்டிக் தகட்டைப் பையில் போட்டுக் கொடுத்தார். அதை வாங்கியவன் "நான் வீரன்" என்று சொல்லிக்கொண்டான். முதலாளி சிரித்திருப்பார்.

கதவுக்குள் கண்ணாடி வைப்பது சின்ன வேலை என்று நான் சொல்லவில்லை. அதன் நுட்பத்தைச் சொன்னால்தான் இந்தக் கார்களுக்குள் இருக்கும் வித்தியாசம் புரியும். கண்ணாடி நேராகக் கீழே இறங்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் செங்குத்தாக ஒரு பள்ளம் வேண்டும். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரின் முன்கண்ணாடித் தூண் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். சாய்ந்த தூணுக்கும் செங்குத்துப் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முக்கோண இடைவெளி விழும். அதை அடைப்பதுதான் அந்தச் சின்ன முக்கோணக் கண்ணாடியின் முதல் வேலை. காற்று கொடுப்பது உபரி லாபம். 1962இல் வந்த எம்.ஜி.பி.யிலும், அதே ஆண்டு மாற்றியமைத்த ஆஸ்டின்-ஹீலி 3000இலும், 1964இல் ஸ்ப்ரைட், மிட்ஜெட் இரண்டிலும் இந்த முக்கோணம் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இது. ஜாகுவார் இ-டைப் திறந்த காரில் முக்கோணமும் கிடையாது, கண்ணாடியைச் சுற்றிச் சட்டமும் கிடையாது; வெறும் கண்ணாடி எழுந்து ரப்பரில் போய் ஒட்டும். பார்க்க அழகு. ஆனால் ரப்பர் கெட்டுப்போனால் தண்ணீர் மடியில்தான். அதே இ-டைப்பின் கூபேயில் பின்பக்கச் சின்னக் கண்ணாடிகள் கீல் வைத்து வெளியே திறக்கும். உள்ளே சூடு தங்காமலிருக்க அந்த ஏற்பாடு.

முன்கண்ணாடியிலும் இப்படி வேறுபாடுகள். எக்ஸ்.கே.120க்கு இரண்டு தட்டைக் கண்ணாடிகள் நடுவில் ஒரு தூணோடு கோணமாகச் சேர்ந்திருக்கும். 1957இல் வந்த எக்ஸ்.கே.150இல் அது ஒரே வளைந்த கண்ணாடி ஆயிற்று. மறு ஆண்டு வந்த எக்ஸ்.கே.150 திறந்த காரில்தான் ஜாகுவார் அந்த வகைக்கும் கதவுக் கண்ணாடி கொடுத்தது. முதல் ஆஸ்டின்-ஹீலி 100இல் முன்கண்ணாடியைப் பின்பக்கமாகச் சரித்துத் தாழ்த்தலாம். இ-டைப்பின் முன்கண்ணாடி அகலம், உயரம் குறைவு. அதனால் முதல் இரண்டு வரிசைகளிலும் மூன்று வைப்பர். எம்.ஜி.பி.க்கு இரண்டு வைப்பர்தான் இருந்தது; மழையில் கண்ணாடியில் இவ்வளவு பாகம் துடைபட வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டதும், அமெரிக்காவுக்குப் போகும் திறந்த எம்.ஜி.பி.க்கு மூன்றாவது வைப்பர் முளைத்தது. கண்ணாடி உயரமாக இருந்த எம்.ஜி.பி. ஜி.டி.க்கு அது தேவைப்படவில்லை. ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது: விலை, சட்டம், போட்டி, உடலின் வளைவு. வீரம் என்ற காரணத்தை மட்டும் நான் எந்தப் பட்டியலிலும் பார்க்கவில்லை.

போட்டி என்றேன். அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. 1959இல் ரூட்ஸ் கம்பெனி சன்பீம் ஆல்பைன் என்று ஒரு திறந்த கார் கொண்டுவந்தது. கதவில் சுற்றி ஏற்றும் கண்ணாடி. 1961இல் டிரையம்ஃப், இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டியைக் கொண்டு டி.ஆர்.4 செய்து கதவில் கண்ணாடி வைத்தது. அமெரிக்க விற்பனையாளர்கள் "நம் வாடிக்கையாளர் முரட்டு ஆட்கள், இதை ஏற்பார்களோ" என்று தயங்கியதால், பழைய பக்கத்திரைக் காரையே டி.ஆர்.3பி என்று 1962இல் கொஞ்சம் செய்து அனுப்பிப் பார்த்தார்கள். அதோடு அது நின்றுபோயிற்று, டி.ஆர்.4 ஓடியது. அதே 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வந்தது. மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கிறதா? அந்த ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். விலை குறைந்த கார்தான். ஆனாலும் கதவில் கண்ணாடி இருந்தது. எதிரே நின்ற ஸ்ப்ரைட்டும் மிட்ஜெட்டும் இன்னும் பக்கத்திரையோடு இருந்தன. இரண்டு வருடத்துக்குள், 1964இல், அவையும் கண்ணாடி மாட்டிக்கொண்டன. ஆத்மா, மரபு என்பதெல்லாம் பக்கத்துக் கடைக்காரன் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் வரைதான்.

ஜேம்ஸ் பாண்ட் முதல் படமான 'டாக்டர் நோ' 1962இல் வந்தது. அதில் ஷான் கானரி ஓட்டுகிற கார் எது தெரியுமா? மேற்படி சன்பீம் ஆல்பைன்தான். கதவில் கண்ணாடி உள்ள கார். பாண்டுக்கு வீரம் போதாது என்று யாராவது சொல்வார்களா?

எண்ணிக்கையையும் பார்த்துவிடுவோம். எம்.ஜி.ஏ. 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் செய்தார்கள். பெரும்பங்கு வெளிநாட்டுக்குத்தான் போயிற்று. கண்ணாடி வைத்த எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல். வருடச் சராசரி போட்டால் முன்னதற்குச் சுமார் பதினாலாயிரம், பின்னதற்குச் சுமார் இருபத்தெட்டாயிரம். இரண்டு மடங்கு. எல்லாம் கண்ணாடியால் வந்தது என்று சொல்ல நான் அவ்வளவு அப்பாவி இல்லை. ஆனால் கண்ணாடியால் ஸ்போர்ட்ஸ் கார் செத்தது என்றவர், செத்த பிறகு இரண்டு மடங்கு எப்படி விற்றது என்றும் சொல்ல வேண்டும்.

இங்கே பிரெஞ்சுக்காரரை ஒரு நிமிடம் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். எக்ஸ்.கே.120 லண்டன் கண்காட்சியில் நின்ற அதே 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோன் தன் 'தோ செவோ' காரைத் திரை விலக்கிக் காட்டியது. கிராமத்து விவசாயிக்காகச் செய்த கார். அதன் முன்கதவிலும் சுற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. கண்ணாடியின் கீழ்ப்பாதியைக் கீல் வைத்து மேலே மடித்துவிட வேண்டும். ஏன்? மலிவு, லேசு, கெட்டுப்போக ஒன்றுமில்லை. இதை அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்த மடிப்புக் கண்ணாடியைப் பார்த்து யாரும் வீரம் என்று பாட்டுப் பாடவில்லை. சிக்கனம் என்றார்கள், சிரித்தார்கள், வாங்கினார்கள். ஒரே காலத்தில், கால்வாயின் இரண்டு கரையிலும், கண்ணாடியில் மிச்சம் பிடித்தார்கள். ஒரு கரையில் அதற்குச் சிக்கனம் என்று பெயர், மறுகரையில் ஸ்போர்ட் என்று பெயர். எனக்குப் பெயர் மாற்றுவதில்தான் ஆட்சேபம்.

பெயர் மாற்றினால் என்ன கெட்டுப்போகிறது என்கிறீர்களா? நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்து அட்டை வைத்து அடைத்திருந்தோம். ஐப்பசி மழையில் அட்டை ஊறி விழும், கோப்பு நனையும். கண்ணாடி கேட்டுக் குறிப்பு எழுதினால், மேலிருந்து வந்த அதிகாரி ஒருவர் "இயற்கைக் காற்றோட்டம் நல்லதுதானே" என்றார். சில வருடம் கழித்து, அந்தப் பிரிவில் வேலை பார்த்த எங்களில் சிலரே "நாங்களெல்லாம் மழையில் நனைந்துகொண்டே வேலை பார்த்த ஆட்கள்" என்று புதிதாக வந்த பையன்களிடம் பெருமை பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பையன்கள் கண்ணாடி கேட்டபோது, கொடுக்காதே என்று சொன்னவர்களில் இவர்களும் உண்டு. பெயர் மாற்றினால் கெட்டுப்போவது இதுதான். இல்லாமையைப் பெருமையாக்கியவன், அடுத்தவனுக்கும் அது இல்லாமலே இருக்கட்டும் என்கிறான். நம் வயதுக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மின்விசிறி இல்லாமல் படித்தோம் என்பது நடந்த சங்கதி. மின்விசிறி இல்லாததால்தான் படித்தோம் என்பது கட்டுக்கதை.

காருக்குத் திரும்புவோம். கண்ணாடி என்பது சொகுசு என்ற எண்ணமே முதலில் கோளாறு. முன்கண்ணாடிக்குப் பிரெஞ்சில் பார்-பிரீஸ் என்று பெயர். காற்றைத் தடுப்பது என்று பொருள். சொல்லிலேயே கடமை இருக்கிறது. ஆதியில் அது சாதாரணக் கண்ணாடிதான்; விபத்தில் உடைந்தால் கத்தியாகிவிடும். பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெதிக்துஸ் 1903இல் தன் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்து விரிசல் விட்டும் சிதறாமல் இருந்ததைப் பார்த்தார். உள்ளே ஒரு ரசாயனம் காய்ந்து படலமாக ஒட்டியிருந்தது. அதிலிருந்து இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு படலம் வைக்கும் முறையைக் கண்டு, 1909இல் காப்புரிமை வாங்கினார். மூன்று அடுக்கு என்பதால் டிரிப்ளெக்ஸ். அந்தப் பிரெஞ்சுக் காப்புரிமையை வைத்து 1912இல் இங்கிலாந்தில் டிரிப்ளெக்ஸ் கம்பெனி தொடங்கினார்கள். பிரிட்டிஷ் கார்க் கண்ணாடியின் மூலையில் நீங்கள் பார்க்கிற அந்த முத்திரைக்கு இதுதான் பூர்வீகம். இவ்வளவு பாடுபட்டு மனிதன் கண்டுபிடித்த பாதுகாப்பை, 'உண்மையான ஓட்டுநருக்கு இது வேண்டாம்' என்று தள்ளுவது என்ன புத்திசாலித்தனம்?

கண்ணாடியால் எந்தக் கேடும் வந்ததில்லை என்று நான் வாதாட மாட்டேன். லோட்டஸ் கம்பெனியைப் பாருங்கள். 1957இல் காட்டிய எலீட் என்ற கார் காற்றைக் கிழித்துப் போவதற்கென்றே வடித்தது. அதன் காற்றுத்தடை எண் 0.29. ஆனால் பக்கக் கண்ணாடியின் வளைவினால் அது கதவுக்குள் இறங்காது. வேண்டுமானால் முழுதாகக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைக்க வேண்டும். 1966இல் வந்த முதல் யூரோப்பாவில் பக்கக் கண்ணாடி அசையவே அசையாது. உள்ளே இருப்பவன் வேக வேண்டியதுதான். 1968இல் இரண்டாம் வரிசையில் மின்சாரத்தால் இறங்கும் கண்ணாடி கொடுத்தார்கள். ஆரம்ப எலான் காரில் கண்ணாடியின் மேல்விளிம்பைப் பிடித்துக் கையாலேயே ஏற்றி இறக்க வேண்டும். இவை உண்மையான குறைகள். கவனியுங்கள், இந்தக் குறைகளை அந்தக் கம்பெனியே பிறகு சரிசெய்தது. மரபு என்று கட்டிக்கொண்டு அழவில்லை.

முதல் ஸ்ப்ரைட்டையும் நான் குறை சொல்லமாட்டேன். அதிகம் சம்பளமில்லாத இளைஞன் வாங்கட்டும் என்று டோனல்ட் ஹீலியும் பி.எம்.சி.யும் வேண்டுமென்றே எளிமையாகச் செய்த கார் அது. டிக்கிக்கு வெளியே மூடிகூட இல்லை. கண்ணாடி இல்லாததால் வெறுமையாகக் கிடந்த கதவின் உட்குழியைச் சாமான் வைக்கும் பையாக்கினார்கள். நேர்மையான சிக்கனம். அதை அப்படியே சொல்லி மெச்சலாம். மார்கன் கம்பெனி இந்த நூற்றாண்டிலும் பக்கத்திரை வைத்த கார் விற்றது; பழைய பாணி வேண்டும் என்று தெரிந்து கேட்டு வாங்குகிறவனோடு எனக்குச் சண்டையில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் இப்படி எழுதுவதால், பழைய எம்.ஜி.ஏ. வைத்திருப்பவர் அதன் கதவைப் பிளந்து பவர் விண்டோ வைக்க வேண்டும் என்று பொருளில்லை. அது அதைவிடப் பெரிய பாவம். பழைய பொருள் ஓர் ஆவணம்; ஆவணத்தில் திருத்தம் செய்யக்கூடாது. டிரிப்ளெக்ஸ் முத்திரையில் எழுத்துகளுக்கு அருகே சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். அவை அந்தக் கண்ணாடி எந்தக் காலத்தில் செய்தது என்பதற்கான குறி. கோப்பில் விழுந்த தேதி முத்திரை மாதிரி. கண்ணாடியில் லேசாகக் கீறல் விழுந்தது என்பதற்காக அந்த முத்திரையுள்ள கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு முத்திரையில்லாத புதுக் கண்ணாடி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அதேபோலப் பக்கத்திரையையும் பத்திரமாக வைத்திருங்கள். மஞ்சள் பூத்த அந்தப் பிளாஸ்டிக் தகட்டை வந்தவர்களுக்குக் காட்டுங்கள். காட்டும்போது மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்: "அந்தக் காலத்தில் இதற்கு மேல் கொடுக்கக் கம்பெனிக்கு மனமில்லை; இருந்தும் இந்தக் காரை எங்களுக்குப் பிடித்தது." இந்த வாக்கியத்தில் காரின் பெருமை ஒரு துளியும் குறையவில்லையே!

இதெல்லாம் அறுபது வருடத்துக்கு முந்தைய சமாசாரம், இன்றைக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் உண்டு. 2019இல் மெக்லாரன் கம்பெனி எல்வா என்று ஒரு கார் அறிவித்தது. பக்கக் கண்ணாடி மட்டுமில்லை, முன்கண்ணாடியும் கிடையாது. எதிரே வரும் காற்றைத் தலைக்கு மேலே திருப்பிவிட ஒரு தனி ஏற்பாடு வைத்தார்கள். விலை 14 லட்சத்து 25 ஆயிரம் பவுண்டு. நம் கணக்கில் அன்றைக்குச் சுமார் 13 கோடி ரூபாய். மறு ஆண்டு ஆஸ்டன் மார்ட்டின் வி12 ஸ்பீட்ஸ்டர் என்று 88 கார்கள் செய்வதாகச் சொன்னது. அதிலும் முன்கண்ணாடி இல்லை. விலை 7 லட்சத்து 65 ஆயிரம் பவுண்டிலிருந்து. 1950களில் கண்ணாடியில்லாத கார் மலிவாகவாவது கிடைத்தது. "கண்ணாடி இல்லாததே அசல்" என்று எழுபது வருடம் பேசிப் பேசி, கண்ணாடி இல்லாததற்கே கோடிக்கணக்கில் வசூலிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். 2021இல் மெக்லாரன் அதே எல்வாவுக்கு முன்கண்ணாடி வைத்த வகையையும் அறிவித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்திரைக் கட்சிக்காரர் யாராவது இதைப் படித்துக் கோபப்பட்டால் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. கார்த்திகை மாதத்து அடைமழையில், நம் கடற்கரைச் சாலையில், பக்கத்திரை மாட்டிய காரில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அதற்குப் பிறகு எழுதவேண்டும். காகிதம் நனையாமல் வந்து சேர்ந்தால் படிக்கிறேன்.